தானாக வராத பிள்ளைகள்

அக்கா,

இன்று நம் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா. காலை எட்டு மணிக்கே மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு புது ஆயா நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்கள் மேல் இரண்டு சொட்டுத் தெளிக்கச் சொன்னால், அவள் ஆளுக்கு அரைச் செம்பு அபிஷேகம் செய்துகொண்டிருந்தாள். என் தோள் நனைந்து அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்குப் பன்னீர் என்றாலே ஆகாது. செத்த வீட்டு வாசனை என்று முகத்தைச் சுளித்து, செம்பை என் கையில் திணித்துவிட்டுப் பிள்ளைகளை எண்ணப் போய்விடுவீர்கள். நான் பெரிய மனிதர்களுக்குத் தெளித்துக்கொண்டிருக்க, எண்ணி முடித்து வந்து நீங்கள் தூணோரம் நின்று ஒவ்வொருவர் தலைப்பாகையையும் கேலி செய்து என்னைச் சிரிக்க வைப்பீர்கள். ஒருமுறை நான் சிரித்த சிரிப்பில் முனிசிபாலிட்டிக் குமாஸ்தா ஒருவரின் கண்ணிலேயே பன்னீர் விழுந்துவிட்டது.

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு நான் ஒரு கடுதாசி எழுதியதில்லை, இப்போது எழுதி என்ன ஆகப் போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். மத்தியானம் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் பழையதையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் எழுத்தால் உங்களுக்கு ஒரு கெடுதல் செய்தேன், எழுத்தாலேயே அதைச் சொல்வதுதான் முறை.

நான் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தபோது நீங்கள் அங்கே இரண்டு வருஷமாக ஆயா. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். உங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் செல்லம் முதல் வகுப்பில் இருந்தாள். ஜார்ஜ் டவுனில் டிராம் மணியடித்துக்கொண்டு ஓடிய நாட்கள் அவை. பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த பாதிப் பேருக்கு அது பிடிக்காது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவதுதான் உங்கள் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவீர்கள். எட்டு மணிக்கு, கடைகளின் முன்தாழ்வாரமான அஞ்சடியில் ஒரு நீண்ட வரிசை தெரியும். முன்னால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள், நடுவில் குளிக்காத தலைகள், கடைசியில் யாரையாவது இடுப்பில் தூக்கிக்கொண்டு நீங்கள்.

அதற்குமேல் நீங்கள் செய்தது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை. மத்தியானம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம், என் ரசத்தை நீங்கள் கழுவின தண்ணீர் என்பீர்கள், உங்கள் கருவாட்டை நான் பாதிக்கு மேல் தின்றுவிடுவேன். அவ்வளவு பழகினோம். ஆனால் எட்டு மணிக்கு முன்னால் ஒரு நாளும் உங்களோடு நடந்ததில்லை.

மூன்றாவது வருஷம் நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெருமை வந்தது. இந்தத் தீவிலும் கடல் தாண்டி அக்கரையிலும் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் நம்முடையதில்தான் பிள்ளைகள் அதிக நாள் வந்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரையின் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிப்பூண் போட்ட கேடயம் நமக்கு. அதை வட்டாரப் பள்ளிகள் எல்லாம் கூடும் விழாவில் கொடுப்பார்கள், அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்கு முன்னால் நம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா வந்தது. பெரிய வாத்தியாரம்மா என்னைக் கூப்பிட்டு, ஆண்டறிக்கையை நீ எழுது, உனக்குத்தான் எழுத்து வருமே என்றார்.

எனக்கு எழுத்து வரும் என்பதில் எனக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தக் காலத்து ஆண்டறிக்கை என்றால் உங்களுக்குத் தெரியும், கலைமகள் என்று தொடங்கி, தலைவர் அவர்களின் திருக்கரம் என்று நடந்து, வாழ்க வளர்க என்று முடியும். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். வருகைக் கேடயம் பற்றி எழுதும் இடம் வந்ததும் பேனா துள்ளியது. ‘இன்று எம் மாணவியர் எவருடைய தூண்டுதலும் இன்றித் தாமே ஆவலுடன் கல்விக் கோயிலை நாடி வருகின்றனர்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

அச்சுக்கூடத்தில் கொடுத்து ரோஸ் நிறத் தாளில் அச்சடித்தார்கள். விழாவில் பெரிய வாத்தியாரம்மா அந்த வரியை வாசித்தபோது கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் பள்ளிக் கமிட்டித் தலைவர் ராவுத்தர். நீங்கள் பின்பக்கம் தொட்டிலாட்டிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகளோடு வந்த தம்பி தங்கைகளுக்காக வராந்தாவில் நீங்கள் மூன்று தொட்டில் கட்டி வைத்திருந்தீர்களே, அங்கே. உங்கள் காதில் அந்த வரி விழவில்லை.

கமிட்டி அந்த வாரமே கூடியது. ராவுத்தர் நல்ல மனிதர், அரிசிக் கடையில் உட்கார்ந்தபடியே பாதிப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர். பிள்ளைகள் தாமாகவே வர ஆரம்பித்த பிறகு ஆயா எதற்கு, அந்தச் சம்பளத்தில் ஒரு தையல் மிஷின் வாங்கிப் போடலாம் என்று அவர் கேட்டாராம். அறிக்கைத் தாள் எல்லார் கையிலும் இருந்தது. மறுத்துப் பேச யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பெரிய வாத்தியாரம்மா உங்களைக் கூப்பிட்டு, அந்தத் தாளில் இருந்ததையும் கமிட்டியின் முடிவையும் சொன்னார். நீங்கள் தொட்டில் கட்டியிருந்த மூன்று பழைய சேலைகளை அவிழ்த்து மடித்தீர்கள். அவை உங்கள் சேலைகள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த பலகை அது. உங்களைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். அறுபது பேர் உட்காரும் இடத்தில் பதினொன்று. மழை என்று பெரிய வாத்தியாரம்மா சொன்னார், மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பது. செல்லம் மட்டும் ஒரு நாளும் தவறாமல் வந்தாள், அவளை நீங்கள் அனுப்பினீர்கள். புதன்கிழமை காலை நானே கிளம்பினேன். எனக்கு என்ன வராதா, கூப்பிட்டால் வந்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, குடையும் கையுமாக ஆறு மணிக்கு நடந்தேன்.

முதல் வீடு சலவைக்காரர் வீடு. வாசலில் நின்று பெண்கல்வியின் அவசியத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். அந்தம்மா கேட்டுக்கொண்டே ஈரத் துப்பட்டியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, பிடிங்க என்றாள். முறுக்கிப் பிழிந்தோம். எட்டுத் துப்பட்டி. நீங்கள் தினமும் வந்து பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணைக் கூட்டிப் போவீர்கள் என்று அவள் சொன்னாள். எனக்கு நாலாவது துப்பட்டியிலேயே மணிக்கட்டு விட்டுப் போயிற்று. அடுத்தது முனிசிபல் லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். அங்கே ராத்திரி வேலைக்குப் போய் வந்து தூங்குகிற அப்பன் எழுந்தால் பிள்ளையை விடமாட்டான். நீங்கள் பின்பக்கமாகப் போய் ஜன்னல் வழியே பிள்ளையை வாங்கிக்கொள்வீர்களாம். நான் முன்கதவைத் தட்டினேன். அவன் எழுந்தான். நான் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் வீடு. கெட்டிக்காரப் பெண், வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்வாள். அவள் தாயார் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, ஆயாவோடதான் அனுப்புவேன், வேற யாரு கூடவும் அனுப்பமாட்டேன், அவங்க எங்கே என்று கேட்டார். பெரிய தெருவில் பெண் நடக்கக் கூடாது என்பதற்காக நீங்கள் நாலு சந்து சுற்றிப் போவீர்களாமே. இன்னொரு வீட்டில் ஒரே ஒரு பாவாடை, அது இன்னும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உங்கள் பையில் எப்போதும் ஒரு உலர்ந்த பாவாடை இருக்குமாம். நான் வரிசையாக வீடு ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் பேந்தப் பேந்த விழித்து, ஒன்பது மணிக்கு ஏழு பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தேன். அந்த ஏழில் இரண்டு பேர் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

அன்று மாலை உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள், உட்காரச் சொல்லவில்லை. பதினோரு பேர், ஒன்பது பேர் என்று நான் ஏதேதோ உளறினேன். நீங்கள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்.

"அந்தத் தாள்ல எழுதினது யாரு? பெரிய வாத்தியாரம்மாவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெரிய வாத்தியாரம்மாதானே வாசித்தார். அந்தப் பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்தேன், அது வெளியே வரவில்லை.

"நான்தான் எழுதினேன்."

நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள். பிறகு சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஒரே பெஞ்சில ஒக்காந்து என் கருவாட்டத் தின்னீங்க. என்னைப் பத்தி ஒரு வரி எழுத ஒங்க பேனாவுல மை இல்லாமப் போச்சா, வாத்தியாரம்மா?"

கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தேன். நல்லவேளை மழை பெய்தது.

மறுநாள் ராவுத்தர் கடைக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், துப்பட்டி பிழிந்ததைக்கூட விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. நீ எழுதினதை நம்பித்தானேம்மா நான் கை தட்டினேன் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆயாவை நாளைக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று கெஞ்சினேன். அவர் தராசைத் துடைத்தபடி யோசித்தார்.

"மேடையில சொன்னதை மேடையிலதாம்மா மாத்தணும். என் கடையில வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்? அந்தப் பொண்ணுக்குத்தான் கேக்குமா?"

மேடை என்றால் வட்டார விழா. இன்ஸ்பெக்டர் துரை உட்கார்ந்திருக்கிற மேடை. கேடயத்தை, பிள்ளைகளின் வருகைப் பதிவேடு எழுதுகிற ஆசிரியை போய் வாங்குவது வழக்கம். அதாவது நான். அங்கே நின்று, எங்கள் ஆண்டறிக்கையில் நான் எழுதியது பொய் என்று சொன்னால் வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் வராத பள்ளிக்கூடத்துக்குக் கேடயமா என்று துரை கேட்டால் பள்ளிக்கூடமே இருக்குமா என்றும் தெரியாது. வீட்டில் என் சம்பளத்தை நம்பி அப்பாவும் இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை, அதே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

விழா நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, ரயிலில் பிறைப் படகுத்துறைக்கு வந்து, படகேறி இக்கரைக்கு வந்திருந்தார்கள். கடல் ஆட்டத்தில் பாதிப் பேருக்கு வாந்தி. இருந்தாலும் அவர்கள் வாத்தியார் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பரிசு, கையெழுத்துப் பரிசு, தையல் பரிசு என்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. செல்லத்துக்கு ஒப்புவித்தலில் இரண்டாம் பரிசு. அவளுக்காகத்தான் நீங்கள் வந்திருந்தீர்கள். கடைசி வரிசையில், மாம்பழக் கலர் சேலை கட்டி, என்னைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

என் பெயரை வாசித்தார்கள். மேடையேறினேன். துரை கேடயத்தைக் கையில் எடுத்தார். நான் கையை நீட்டவில்லை. துரைக்கு மொழிபெயர்க்க நின்றவரைப் பார்த்து, கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். பேசினேன். நான் எழுதிய வரியைச் சொன்னேன், அது பொய் என்றேன். எங்கள் பிள்ளைகளில் ஒருத்திகூடத் தானாக வரவில்லை, ஒவ்வொருத்தியையும் ஒருவர் போய்க் கூட்டி வந்தார், துணி பிழிந்து கொடுத்துக் கூட்டி வந்தார், ஜன்னல் வழியாக வாங்கிக் கூட்டி வந்தார், என் எழுத்தால் அவருக்கு வேலை போயிற்று என்றேன். இந்தக் கேடயத்தை வாங்க வேண்டியவர் கடைசி வரிசையில் இருக்கிறார் என்றும் சொன்னேன். ஆயா என்று சொல்லவில்லை, உங்கள் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை அதற்கு முதல் நாள்தான் செல்லத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

பெரிய வாத்தியாரம்மா முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள் எழுந்திருக்கவும் இல்லை. அப்போது நம் வரிசையிலிருந்து அந்தச் சலவைக்காரர் மகள் எழுந்து, நேரே பின்னால் போய், உங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் அவளை முறைத்தீர்கள். அவள் விடவில்லை. அடம் பிடிக்கிற பிள்ளையைக் கூட்டி வருவது எப்படி என்று உங்களிடம்தானே கற்றுக்கொண்டிருந்தாள்.

மேடையில் துரை உங்களிடம் கேடயத்தைக் கொடுத்து, என்ன வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேடயத்தை இடுப்பில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு, துரையை நேராகப் பார்த்துச் சொன்னீர்கள்.

"வாத்தியாரம்மாங்க பேரெல்லாம் எழுதுற ரிஜிஸ்தர்ல என் பேரையும் எழுதச் சொல்லுங்க தொரை. ஒரு நாள் லேட்டா வந்தா லேட்டுன்னு போடட்டும்லா. வரலேன்னா வரலேன்னு போடட்டும். வந்தா, வந்தேன்னு போடணும்."

துரை தலையசைத்தார். முதலில் கைதட்டியவர் சுங்கை பாக்காப் வாத்தியார். அதற்குப் பிறகு தட்டாதவர்கள் யாருமில்லை. கீழே இறங்கும்போது நீங்கள் என் பக்கம் திரும்பாமலே, நாளைக்கு ஆறு மணிக்கு நீங்களும் வரணும், ரெண்டு வீடு ஒங்களுக்கு என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னை மன்னித்த விதம். அந்த இரண்டில் ஒன்று முனிசிபல் லயம். வேண்டுமென்றே கொடுத்தீர்கள்.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து நம் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. பரிசு வாங்கும் பெண்ணின் பெயரோடு, அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் யாரோ அவர் பெயரும் வாசிக்கப்படும். அவர் எழுந்து நிற்க வேண்டும். அம்மாக்கள், ஒரு ரிக்‌ஷாக்காரர், பக்கத்து வீட்டுச் சீனத்தி ஒருத்தி என்று எத்தனையோ பேர் கூச்சத்தோடு எழுந்து நின்றிருக்கிறார்கள். பாதிப் பெண்களுக்கு உங்கள் பெயரையே வாசிக்க வேண்டியிருந்ததால் நீங்கள் உட்கார்ந்து எழுந்தே களைத்துப் போனீர்கள். பிறகு அக்கரைப் பள்ளிக்கூடங்களும் அதை எடுத்துக்கொண்டன. எந்தச் சுற்றறிக்கையும் போகவில்லை, பார்த்துவிட்டுச் செய்தார்கள்.

ஆண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்குமுன் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டீர்களே, அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. நான் படிக்கப் படிக்க வெற்றிலையை மென்றுகொண்டு கேட்பீர்கள். "கல்விக் கோயிலா? கோயிலுக்குப் போறவ இப்படி மூக்க ஒழுக்கிக்கிட்டா போவா?" என்பீர்கள். கோயிலை அடித்துவிடுவேன். பெருந்திரளான மாணவியர் என்று எழுதினால், எத்தனை பேர் என்று கேட்பீர்கள். என் நடை வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போயிற்று. நான் தலைமையாசிரியை ஆன வருஷம் அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. இதுதான் இப்ப காதுல நிக்குது என்றீர்கள். அந்தப் பாராட்டை நான் வேறு யாரிடமும் வாங்கியதில்லை.

எத்தனை பெண்கள், அக்கா. வாய்ப்பாடு தலைகீழாகச் சொன்னவள் இப்போது அப்பாவின் கடையில் திரைக்குப் பின்னாலிருந்து வியாபாரமே நடத்துகிறாள். சலவைக்காரர் மகள் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. செல்லம் நம் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியை. ஒரு சம்பளம், ஒரு மூட்டை பாவாடை, வாய் நிறையக் கேலி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு நீங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. உங்களைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், போதும் வாத்தியாரம்மா, ரசம் ஆறுது என்றிருப்பீர்கள்.

போன மழைக்காலத்தில் இருமல் என்று படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தீர்கள். பிள்ளைகள் எல்லாரும் விசாரித்தார்கள் என்றேன். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற ரோட்டோரம் ஒரு பால்காரர் வீடு இருக்கிறது, தாயில்லாத பெண், மாட்டையும் கைக்குழந்தைத் தம்பியையும் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறாள், ரெண்டு வருஷமாகப் போய் நிற்கிறேன், அந்த ஆள் விட மாட்டேன் என்கிறான் என்று சொன்னீர்கள். "அந்தப் பிள்ளைய மட்டும் என்னால கூட்டிக்கிட்டு வர முடியல" என்று சொன்னபோது உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. உங்கள் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் போகிறேன் அக்கா என்று கையைப் பிடித்துச் சொன்னேன். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் போகவில்லை. காரியம் முடிந்ததும் போகலாம் என்றிருந்தேன், பிறகு பரீட்சை முடிந்ததும் என்றிருந்தேன், பிறகு தைப்பூசம் வந்தது. அந்த வீட்டைத் தாண்டித்தான் மலைக்கோயிலுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகை வாசனை வந்தது. கூட்டத்தோடு கூட்டமாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

இந்த வருஷ அறிக்கையைப் படித்துக் காட்ட ஆளில்லை. முந்தாநாள் தனியாக உட்கார்ந்து உரக்கப் படித்தேன். வருகை முழு அளவில் இருந்தது என்று ஒரு வரி இருந்தது. பொய் என்று சொல்லவும் முடியாது, பதிவேட்டில் பெயருள்ள பிள்ளைகள் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதை அடித்தேன். பக்கத்தில் வேறு எழுதினேன்.

இன்று மேடையில் அதை வாசித்தேன். தண்ணீர்மலைச் சாலையில் ஒரு வீட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள், அவள் இன்னும் நம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, இரண்டு வருஷம் அவள் வாசலில் போய் நின்றவர் இப்போது இல்லை, அவர் போன பிறகு எங்களில் ஒருவரும், நானும்கூட, அந்த வாசலுக்குப் போகவில்லை என்று வாசித்தேன். உங்கள் பெயரையும் வாசித்தேன். வயதாகிவிட்ட ராவுத்தர் முன்வரிசையில் கைத்தடியில் மோவாயை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் கை தட்டவில்லை. தட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

விழா முடிந்து தேநீர் கொடுக்கும்போது, பின்பக்கம் அடுப்படியில் ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார் என்று செல்லம் வந்து சொன்னாள். போனேன். தேநீருக்குப் பால் கொண்டுவந்த ஆள், தோளில் துண்டு, காலெல்லாம் சேறு. என் வீட்டைப் பத்தி மேடையில சொல்லிட்டீங்களே என்றார். ஊர் பார்க்க ஒரு மனிதரை அவமானப்படுத்திவிட்டேன், இனி அந்தப் பெண் வரவே மாட்டாள் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அந்த அக்கா செத்துட்டாங்களா?"

ஆமாம் என்றேன்.

"கடைசியா வந்தப்ப நான் ரொம்ப ஏசிட்டேன். அதுலதான் கோவிச்சுக்கிட்டு வரலேன்னு இருந்தேன்."

துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டிப் பாலை யாரோ உள்ளே எடுத்துப் போனார்கள். சின்னவனை என் தங்கச்சி வீட்டில் விட்டுக்கொள்கிறேன், மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கக்கிழம அனுப்புறேன், வாத்தியாரம்மா. நீங்க ஒண்ணும் அலைய வேணாம். வழி தெரியும், அவளே வந்துடுவா."

"இல்லண்ணே," என்றேன். "நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஆறரை மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன், அக்கா.